இரண்டு நிமிடம் அவர் பேச வேண்டும்

கலியாணம் கட்டிய நாள் முதல் என் கணவரைப் பற்றி நான் எல்லாரிடமும் சொல்லி வந்தது ஒன்றுதான்: அவர் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற ஆள். எதைக் கேட்டாலும் "ஓம்" என்பார். அது பொருந்தாத இடத்தில் ஒரு "ம்". மிச்சத்தை நான் பேசிக்கொள்வேன். வங்கியில் நான், மகளின் பள்ளிக்கூடத்தில் நான், வீட்டு ஏஜென்டிடம் நான். ஒருமுறை அவருக்குச் சிறுநீரகக் கல் வலி வந்து அவசரப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு ஓடினேன். வலி எங்கே, எப்படி, எப்போது தொடங்கியது என்று டாக்டர் கேட்டதற்கெல்லாம் நானே பதில் சொன்னேன். கடைசியில் அந்த மனிதர் பேனையைக் கீழே வைத்துவிட்டு, "வலி உங்கள் இருவரில் யாருக்கு?" என்று கேட்டார். எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. தெரிந்தவள் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

ஆங்கிலம் எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் ஆங்கிலத்தில்தான் பட்டம் எடுத்தேன், டியூட்டரி என்கிற தனியார் வகுப்பில் எட்டு வருடம் படிப்பித்தேன். ஆனால் நியூசிலாந்துக்கு என்னைப் போல ஒருத்தி தேவைப்படவில்லை. தேவைப்பட்டது ஃபோர்க்லிஃப்ட் திருத்துகிற மெக்கானிக். ஆகவே அவர் ஆக்லாந்தில் விரி என்ற பகுதியில் ஒரு பெரிய பண்டகசாலையில் எண்ணெய்க் கையோடு வேலை செய்ய, நான் அவருடைய விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். கிளென் ஈடனில் வாடகை வீடு. எனக்கு மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு மருந்துக்கடையில் கவுன்டர் வேலை. ரயிலில் போய் வருவேன்.

இந்த நாட்டில் தேர்தல் நெருங்கினால் போதும், வெளியிலிருந்து எத்தனை பேரை உள்ளே விடலாம் என்ற கணக்கு ரேடியோவில் தொடங்கிவிடும். ஒருவர் ஆட்கள் போதாது என்பார், அடுத்தவர் வீடு போதாது என்பார், மூன்றாமவர் வருகிறவர்கள் முதலில் ஆங்கிலம் பேசட்டும் என்பார். மருந்துக்கடையில் அந்த ரேடியோ நாள் முழுக்க ஓடும். நான் மாத்திரைக்கு லேபல் ஒட்டிக்கொண்டே அந்த மூன்றாமவரோடு மனதுக்குள் சண்டை பிடிப்பேன். சண்டையில் எப்போதும் நான்தான் வெல்வேன். சட்டம் மட்டும் அசையாது.

எங்கள் தற்காலிக விசா முடிய ஏழு மாதம் இருந்தது. அதற்குள் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அவருடைய வேலை சரி, வயது சரி, அனுபவம் சரி. ஆங்கிலத் தேர்வில் ஒன்பதுக்கு ஆறரை எடுக்க வேண்டும், அதுதான் பாக்கி. எடுக்காவிட்டால் பெட்டி கட்ட வேண்டியதுதான். மகள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லுகிற நிலைக்கு வந்துவிட்டாள். நான்காம் வகுப்புப் பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் எந்த மொழியில் உட்கார்த்துவது என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

ஆனால் வீட்டிலேயே ஒரு டியூட்டரி டீச்சர் இருக்கும்போது என்ன பயம்? எங்கள் ஊரில் பரீட்சை என்றால் அதற்கு ஒரு முறை உண்டு. பழைய கேள்விகளை எல்லாம் பரப்பி வைத்து, இந்த முறை எது வரும் என்று ஊகிப்போம். ஊகித்ததற்கு விடை எழுதிக் கொடுப்போம். பிள்ளைகள் அதை எழுத்துக்கு எழுத்து பாடமாக்குவார்கள். டாக்டர்களும் எஞ்சினியர்களும் அப்படித்தான் உருவானார்கள் என்பது எங்கள் நம்பிக்கை. நானும் அவருக்கு நாற்பது விடை எழுதிக் கொடுத்தேன். எனக்குப் பிடித்த நகரம், என் இளமைக்கால நண்பன், நான் பார்த்த திருவிழா, என் பொழுதுபோக்கு. அவருக்குப் பொழுதுபோக்கு என்று ஒன்றும் கிடையாது. அதனால் டியூட்டரிப் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்த பழைய விடையையே கொடுத்துவிட்டேன். "என் பொழுதுபோக்கு பறவைகளைப் பார்ப்பது. தினமும் விடியற்காலையில் எழுந்து..."

நெடுஞ்சாலையில் வாகனங்கள் ஊரும்போது காருக்குள் பாடமாக்கினார். குளியலறையிலும் பாடமாக்கினார். ஒரு மாதத்தில் நாற்பதும் தண்ணீர்பட்ட பாடு. நான் கேள்வியின் முதற் சொல்லைச் சொன்னால் அவர் கடைசி முற்றுப்புள்ளியில் போய் நிற்பார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

பேச்சுத் தேர்வு நகரத்தில் ஒரு கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் நடந்தது. நான் கீழே வாங்கில் உட்கார்ந்திருந்தேன். அரை மணியில் அவர் இறங்கி வந்தார்.

"எப்பிடி?" என்றேன்.

"ம்," என்றார்.

ரயில் கிளென் ஈடனைத் தொடும்வரைக்கும் கிண்டிக் கிண்டித்தான் கதையைப் பிடுங்கினேன். தேர்வாளர் ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா. பொழுதுபோக்கு என்ன என்று கேட்டார். இவர் தயங்காமல் பறவையை எடுத்து விட்டிருக்கிறார். விடியற்காலை, பனித்துளி, சிறகடிப்பு என்று ஒரு சொல் பிசகவில்லை. அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லது. இன்று காலை என்ன பறவை பார்த்தீர்கள்?" என்று கேட்டிருக்கிறார்.

அந்தக் கேள்வி நாற்பதில் இல்லை.

"அப்ப என்ன சொன்னீங்கள்?"

"காகம்."

ஆக்லாந்தில் காகம் கிடையாது. மைனா உண்டு, கடற்புறா உண்டு, வாலை விரித்து ஆடுகிற குட்டிக் குருவி உண்டு. மூன்று வருடமாக இந்த ஊரில் கண் விழிக்கிற மனிதனுக்கு, பறவை என்றதும் யாழ்ப்பாணத்துக் காகம்தான் வந்திருக்கிறது. அந்த அம்மா "ஆக்லாந்திலா?" என்று ஆசையோடு முன்னே குனிந்திருக்கிறார். அதற்குப் பிறகு அவர் கேட்ட எல்லாவற்றுக்கும் இவர் "யெஸ்" என்றும் "ம்" என்றும் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

பேச்சுக்கு ஐந்தரை. வாசிப்பு, எழுத்து, கேட்டல் மூன்றும் ஒருவாறு தப்பியிருந்தாலும் இது எல்லாவற்றையும் சேர்த்து இழுத்து விழுத்திவிட்டது. நான் அந்த அம்மாவைத் திட்டினேன், ரேடியோவின் மூன்றாமவரைத் திட்டினேன், காகம் இல்லாத நாட்டைத் திட்டினேன். பிறகு இவரையும் திட்டினேன்: "ஒரு மைனா எண்டு சொல்ல வாய் வரேல்லையே?" அவர் சோற்றைப் பிசைந்தார். அன்றைக்கு எனக்கு உண்மையில் பயமாக இருந்தது. பயம் வந்தால் எனக்குக் குரல்தான் கூடும்.

அடுத்த மாதம் அவருடைய வேலையிடத்தில் வருட முடிவு பாபிக்யூ. குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். நான் ஒரு தட்டு நிறைய ரோல்ஸ் பொரித்துக்கொண்டு போனேன். மகளைப் பிள்ளைகளோடு விளையாட விட்டுவிட்டு, தட்டோடு பண்டகசாலையின் பின்பக்கம் திரும்பினால், ஏழெட்டு ஆண்கள் ஒருவரைச் சுற்றி நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். நடுவில் நின்று கதை சொல்லுகிறவர் என் கணவர்.

காகக் கதைதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஆங்கிலத்தில். இறந்தகாலமும் நிகழ்காலமும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வந்தன, ஆனால் ஒருவருக்கும் அது தடையாக இல்லை. தேர்வாளர் அம்மா கண்ணாடிக்கு மேலால் பார்ப்பதை நடித்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு "விடியற்காலையில் எழுந்து" என்று பாடம் சொல்லித் தரும் என்னையும் நடித்தார். அச்சொட்டாக நான்தான். ஒரு பெரிய சமோவாக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

என் பக்கத்தில் நின்றவர் ஃபிஜிக்காரர், உதிரிப்பாகங்கள் பகுதியில் வேலை செய்பவர். அவருடைய தமிழ் அவரின் பாட்டனோடு போய்விட்டது, "அக்கா" என்ற சொல் மட்டும் மிச்சம். அந்த ஒரு தமிழ்ச் சொல்லோடு தொடங்கி ஆங்கிலத்தில் கேட்டார்: "அக்கா, இவரை வீட்டில் எப்படித்தான் சமாளிக்கிறீர்கள்? இங்கே வாயை மூடவே மாட்டாரே!"

எனக்கு முகம் சுட்டது. முதலில், நாலு பேருக்கு முன்னால் என்னை வைத்துக் கூத்தடிக்கிறாரே என்ற ஆத்திரம். அடுத்த நொடியே இன்னொன்று வந்தது, அது ஆத்திரத்தைவிட மோசம். அந்த ஆளை எனக்குத் தெரியாது. பன்னிரண்டு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறேன், இவ்வளவு பேச்சும் இவ்வளவு சிரிப்பும் அவரிடம் இருப்பது விரியில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

திரும்பி வரும்போது காரில் மகள் தூங்கிவிட்டாள். நான் கொஞ்ச நேரம் வாயை அடக்கிப் பார்த்தேன். முடியவில்லை.

"இவ்வளவு கதைக்கிற மனுசன் வீட்டில ஏன் வாயே திறக்கிறேல்ல?"

அவர் சிக்னல் போட்டு வழி மாறினார். "நீர் இடம் விட்டாத்தானே," என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. சாலையில் வாகனம் அதிகம் என்று சொல்வது போலச் சாதாரணமாகத்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் நாற்பது விடையையும் மறுசுழற்சித் தொட்டியில் போட்டேன். இரண்டாம் முறைக்கு ஐந்து வாரம் இருந்தது. புது ஏற்பாடு இதுதான்: இரவுச் சாப்பாடு முடிந்ததும் நான் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அவர் இரண்டு நிமிடம் பேச வேண்டும். நான் குறுக்கே பேசக் கூடாது. தேர்வு அவருக்கா எனக்கா என்று தெரியாத அளவுக்கு அது கஷ்டம். முதல் நாள், பிடித்த சாப்பாடு பற்றிப் பேசினார். கணவாய்க் கறி என்று அவர் தொடங்கிப் பத்து நொடிகூட ஆகவில்லை, "கணவாயோ? நண்டெல்லோ உங்களுக்கு விருப்பம்?" என்று பாய்ந்துவிட்டேன்.

"எனக்குக் கணவாய்தான் விருப்பம். நண்டு உமக்கு விருப்பம்," என்றார்.

அப்படியென்றால் இத்தனை வருடமாக நான் யாருக்காக நண்டு உடைத்தேன்? அடுத்த நாளிலிருந்து கேள்வியைக் கேட்டவுடன் ஒரு வாய் தண்ணீர் எடுத்து விழுங்காமல் வைத்துக்கொண்டேன். கன்னம் உப்பிப்போய் எதிரே உட்கார்ந்திருக்கிற என்னைப் பார்த்து அவர் முதலில் சிரிப்பார், பிறகு பேசுவார். ஒருநாள் அடக்க முடியாமல் சிரித்து அவருடைய சட்டையை நனைத்தேன். அந்த ஐந்து வாரத்தில் எனக்குத் தெரியாத சங்கதிகள் எவ்வளவு வெளியே வந்தன! அவருக்கு உயரம் என்றால் பயம். எங்கள் கலியாணப் படத்தில் முறைத்துக்கொண்டு நிற்பதற்குக் காரணம் காலைக் கடித்த இறுக்கமான சப்பாத்து. இங்கே வந்த முதல் வாரம், வேலைக்கு வழி தெரியாமல் கார் தரிப்பிடத்தில் இருந்து அழுதிருக்கிறார். அதைச் சொன்னபோது நான் தண்ணீரை விழுங்கிவிட்டேன். ஆனால் ஒன்றும் பேசவில்லை.

இரண்டாம் தேர்வுக்குத் தனியாகப் போனார். திரும்பி வந்தவரிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. அந்தச் சாதனையை எந்தத் தேர்விலும் யாரும் மெச்சப்போவதில்லை. ஒரு வாரம் கழித்து மின்னஞ்சல் வந்தது. சமையலறையில் நின்று திறந்தார். மொத்தம் ஆறரை. பேச்சுக்கு ஏழு. நான் கைலேஞ்சியைத் தேடாமல் சீலைத் தலைப்பில் துடைப்பது மாதிரி என் டீ சர்ட்டிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டு அழுதேன். இனி ஒருவரும் எங்களைப் போ என்று சொல்ல முடியாது என்பது மட்டும்தான் மனதில் இருந்தது.

அழுகை அடங்கிய பிறகு கேட்டேன்: "என்ன கேள்வி வந்தது?"

"அதிகம் கதைக்கிற ஒராளைப் பற்றிச் சொல்லச் சொன்னவை."

"ஐயோ! என்ன சொன்னீங்கள்?"

"என்ர மனுசி எண்டு தொடங்கினன். பாங்கில கதைப்பா, பள்ளிக்கூடத்தில கதைப்பா, எனக்காகவும் கதைப்பா, பிள்ளைக்காகவும் கதைப்பா எண்டு சொன்னன். ரெண்டு நிமிசம் முடிஞ்சும் நான் நிப்பாட்டேல்ல. கேள்வி கேட்ட மனுசன்தான் கையைக் காட்டி நிப்பாட்டினார். பிறகு கேட்டார், அவ தனக்காக என்ன கதைப்பா எண்டு." அவர் போனை மேசையில் வைத்தார். "எனக்கு மறுமொழி தெரியேல்ல. அதையே சொன்னன். ஒருநாளும் கேட்டதில்ல எண்டு."

நான் அடுப்பை அணைத்தேன்.

"இனி அந்த வதிவிட ஃபோர்மில ரெண்டு பேரும் கையெழுத்து வைக்க வேணும்," என்றார். "உமக்கு இஞ்ச இருக்க விருப்பமோ? அந்த மருந்துக்கடை விருப்பமோ? நான் ஒருக்காவும் கேக்கேல்ல."

அவர் கதிரையை இழுத்துப் போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தார். வதிவிடத்துக்காக எத்தனை கேள்விக்குப் பதில் எழுதியிருக்கிறேன்! இது எந்தப் படிவத்திலும் இருந்ததில்லை. எனக்கு முதற் சொல் கிடைக்கவே நெடுநேரம் எடுத்தது. அவர் எடுத்துக் கொடுக்கவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை.

"இருக்க விருப்பம்," என்றேன். "ஆனா எனக்குத் திரும்பவும் படிப்பிக்க வேணும்." அதை நான் வாய்விட்டுச் சொல்வது அதுதான் முதல் தடவை.