பீலியில் பிடித்த போத்தல்

ஓவர்சியர் ஐயா, நீங்கள் பொய்யர். உங்கள் பொய்யை இரண்டு வருடமாகப் போத்தலில் நிரப்பிக் கொடுத்தவன் நான்.

படிப்பவர்களே, வளைத்துப் பேச எனக்குத் தெரியாது. கடுகண்ணாவைக்குக் கீழே உள்ள எங்கள் பட்டின சபையில், இந்த ஓவர்சியருக்குக் கீழே, தண்ணீர்க் குழாய்களைப் பார்க்கும் பியோனாக இருந்தேன். மாதம் ஒருமுறை கொழும்பிலிருந்து ரயிலில் ஒரு மரப்பெட்டி வரும். உள்ளே கண்ணாடிப் போத்தல். கடைத்தெருக் குழாயில் தண்ணீர் பிடித்து, மூடிக்கு அரக்கு வைத்து, சீட்டு ஒட்டி, பரிசோதனைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும்.

முதல் போத்தலை நான் கடைத்தெருவில் பிடிக்கவில்லை. கொழும்புத் துரைமார் குடித்துப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்! பெரிய மனிதருக்குக் கலங்கல் தண்ணீரையா அனுப்புவது? மலைச்சரிவில் ஏறி, பாறையிலிருந்து விழும் பீலியில் பிடித்தேன். சீட்டில் ‘கடைத்தெருக் குழாய்’ என்றுதான் இருந்தது.

முதல் தரமான தண்ணீர் என்று பதில் வந்தது. நடந்ததைச் சொன்னேன். ஓவர்சியர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

“மடையா! அது குடிக்கிறதுக்கில்லையடா, சோதிக்கிறதுக்கு.” சிரிப்பு அடங்கியதும் குரலைத் தாழ்த்தி, “பரவாயில்லை. இனியும் அங்கையே பிடி” என்றார்.

ஏன் என்று எனக்குத் தெரியும். பெரிய குழாய் ஒரு சாக்கடைக் கானுக்கு அடியில் வெடித்திருந்தது. கக்கூசு வாளிகளைக் கழுவும் கான் அது! வெடிப்பில் சாக்கைச் சுற்றித் தார் பூசியவர்கள் நானும் அவரும். புதுக் குழாய் கேட்டால், பழையதை அப்படிப் பதித்தவர் யார் என்று மேலிடம் கேட்கும். பதித்தவர் அவர்.

முதல் முறை நான் முட்டாள். அதற்குப் பிறகு...? தெரிந்தே செய்தேன். வேலை போய்விடும் என்ற பயம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்கு மட்டும் பீலித் தண்ணீர் எடுத்துப் போனேன்.

பக்கத்து வீடு பீங்கான் கடைக்காரருடையது. அவர் மனைவியை நான் அக்கா முறை வைத்து ராத்தா என்று கூப்பிடுவேன். ஒருநாள் வேலிக்கு அப்பால் நின்று கேட்டார்.

“தம்பி, தண்ணீல ஒரு வாட வருதே?”

“கொழும்புல சோதிச்ச தண்ணி ராத்தா. முதல் தரம்னு எழுதி வந்திருக்கு.”

“அப்ப கொழும்புத் தொரைக்கு மூக்கடைப்பாக்கும்!”

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அதுவரை தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடித்தவர், என் பேச்சை நம்பி நிறுத்திவிட்டார்.

மழைக்காலத்தில், கெட்ட தண்ணீரில் பரவும் நெருப்புக் காய்ச்சல் வந்தது. ராத்தாவும் படுத்தார்; மூன்றாம் வாரம் மௌத்தானார். ஜனாஸாவைத் தூக்கிப் போனவர்களுக்குப் பின்னால் நடந்தேன்... எந்த முகத்தோடு நடந்தேன்!

அடுத்த பெட்டி வந்ததும் நேரே கடைத்தெருக் குழாய்க்குப் போனேன். பதில் வந்தது: குடிக்கத் தகாதது.

“எங்கையடா பிடிச்சனி?” ஓவர்சியர் கடிதத்தை என் முகத்துக்கு நேரே ஆட்டினார்.

“சீட்டுல எழுதியிருக்கிற எடத்துலதான் ஐயா.”

அன்றே தண்ணீரை நிறுத்தினார்கள். கானைத் தோண்டிப் புதுக் குழாய் போட்டார்கள். என் வேலை போயிற்று. போகட்டும்! புதுத் தண்ணீர் வந்த அன்று கடைத்தெருக் குழாயில் கையேந்தி வயிறு முட்டக் குடித்தேன். அப்பாடா! இரண்டு வருடத்தில் அப்படி நான் மூச்சு விட்டதில்லை. ராத்தாவுக்குக் கிடைக்காத தண்ணீரைக் குடித்துவிட்டு நிம்மதியா என்று கேட்பீர்கள். நிம்மதிதான். வெட்கம் கெட்ட நிம்மதி. அதையும் மறைக்க மாட்டேன்.

ஆனால் ஓவர்சியர் சபையில் என்ன சொன்னார்? பியோனின் கை அழுக்கு, அதனால் இந்த ஒரு போத்தல் கெட்டது, முன்பு போனவை எல்லாம் சுத்தம் என்றார். ராத்தாவின் கணவரும் அதை நம்பிவிட்டார். “தண்ணீல என்ன குத்தம் தம்பி, அல்லாஹ்ட நாட்டம்” என்று எனக்கே ஆறுதல் சொல்கிறார். தேத்தண்ணீர் தருகிறார். குடிக்கிறேன்... ஒவ்வொரு மிடறாக.

இந்தத் தாளை முதலில் அவர் கையில்தான் கொடுப்பேன். என்னிடம் கேட்க வேண்டியதை அவர் கேட்கட்டும். என் பங்கை எழுதிவிட்டேன்.

உங்கள் பங்கு பாக்கி இருக்கிறது, ஓவர்சியர் ஐயா. அடுத்த சபைக் கூட்டத்துக்கு ராத்தாவின் கணவர் வருவார். எழுந்து நின்று, அவர் காதில் விழச் சொல்லுங்கள்: அந்தச் சுத்தமான போத்தல்கள் எல்லாம் எங்கே பிடித்தவை?