பள்ளிக்கு ஒரு நியமனம்

மண்ணெண்ணெய்க்கும் காஸுக்கும் வரிசையில் நின்றோமே, அதற்கு அடுத்த மழைக்காலம் அது. வரிசையில் இடம் பிடிக்க என் செருப்பைப் போட்டு வைத்தேன், ஒன்றை நாய் தூக்கிப்போய்விட்டது. அது வேறு கதை.

எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் மாற்றலாகிப் போய்விட்டார். வேறு ஆள் வரவில்லை. என் பேத்தி ஓ.எல். பரீட்சை எழுத வேண்டிய பிள்ளை. கணக்கில் தவறினால் மேலே படிப்பு இல்லை. கொழுந்துக் கூடை, இல்லாவிட்டால் கொழும்பில் துணிக்கடை.

பக்கத்து வீட்டுக்காரர் தோட்டத்துச் சங்கத் தலைவர். "வலயக் கல்வி ஆபிசு வேணாண்ணே, நேரா ஜனாதிபதிக்கே எழுதுவோம்" என்றார். எழுதினால் மேடையில் பேசுகிற மாதிரிதான் எழுதுவார். எல்லோரும் போடுவதுபோலப் பாடசாலை என்று போட்டிருக்கலாம். 'எமது பள்ளிக்கு உடனடி நியமனம்' என்று போட்டார். பள்ளிக்கூடத்துக்கு ஒரு புனிதரின் பெயர் வேறு. வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு மாதா கோயில் சாமியார் கட்டியது. படிக்கிறவர்களில் முக்கால்வாசி மாரியம்மனைக் கும்பிடுகிற பிள்ளைகள். நான் வேதக்காரன், மாதாவைக் கும்பிடுகிறவன், ஆனால் அங்கே ஒருநாளும் படித்ததில்லை.

பதில் சிங்களத்தில் வந்தது. தமிழில் எழுதினால் தமிழில் பதில் தர வேண்டுமாம், சட்டமாம். நானும் தலைவரும் பொகவந்தலாவை பஜாருக்குப் போய் சிங்களக் கடை முதலாளியிடம் வாசிக்கக் கொடுத்தோம்.

வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். "தாத்தா, பள்ளியக்கு ஃபாதர் கேட்டதுதானே? ஃபாதர் போடுற வேலை ஜனாதிபதிக்கு இல்லையாம். பிஷப்புக்கு அனுப்பிட்டாங்களாம்."

சிங்களத்தில் பள்ளிய என்றால் மாதா கோயில். புனிதர் பெயரையும் பள்ளியையும் சேர்த்துப் பார்த்த எவனோ கோயில் என்று முடிவு கட்டிவிட்டான். கடிதத்தில் கணக்கு வாத்தியார் என்று இருந்ததே, அதை வாசிக்க அவனுக்கு என்ன கேடு?

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை.

"என்னண்ணே, வேதக்காரங்கல்லாம் சேந்து தனியா ஒன்னு போட்டீங்களா?"

"நான் கைநாட்டுய்யா. கடுதாசி எங்கருந்து போடுறது?"

நாங்கள் வீடு வருவதற்குள் செய்தி லயத்து வீடுகள் முழுக்கப் போய்விட்டது. வேதக்காரர்கள் வாத்தியாரை விட்டுவிட்டுச் சாமியாரைக் கேட்டார்களாம். நத்தார்ப் பண்டிகைக்கு எங்கள் கேக் தலைவர் வீட்டுக்குப் போகும், தீபாவளிக்கு அவர்கள் முறுக்கு எங்களுக்கு வரும். அந்தத் தீபாவளிக்குத் தட்டு வரவில்லை.

அப்புறம் ஜனாதிபதியின் கட்சிக்காரர் ஒருவர் எங்கள் மாதா கோயிலுக்குப் பெயிண்ட் வாளிகளோடு வந்தார். "கத்தோலிக்க மக்கள்மேல ஜனாதிபதிக்குத் தனி மரியாதை" என்றார்.

"பெயிண்ட்டு கணக்கு சொல்லிக்குடுக்குமா தம்பி?"

"தாத்தா நல்லா ஜோக்கடிக்கிறாரு" என்று என் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார். அந்தக் கையைத் தட்டிவிட்டேன்.

முதலாளியே சிங்களத்தில் இன்னொன்று எழுதித் தந்தார். ஏற்கெனவே பதில் அனுப்பியாகிவிட்டது, விஷயம் முடிந்தது என்று அதற்கும் பதில் வந்தது. யாருக்கு முடிந்தது? பேத்தி மற்ற எல்லாப் பாடத்திலும் தேறினாள், கணக்கில் மட்டும் போனது. இந்த முறை திரும்ப எழுதப் போகிறாள், வாத்தியார் இல்லாமலே. "நம்பர் எல்லாம் தெரியுது தாத்தா, என்ன செய்யிறதுன்னுதான் தெரியல" என்கிறாள். எனக்கு மட்டும் தெரியுமா?

கொழும்புப் பக்கம் போகிறவர்கள் அந்த ஆபிசில் யாரையாவது கண்டால் சொல்லிவிடுங்கள். எங்களுக்குச் சாமியார் இருக்கிறார். நல்ல மனிதர், மாதம் தவறாமல் வருகிறார். வராதது கணக்கு வாத்தியார்.