பஞ்சு வைத்துக் கேட்ட சவுண்ட்பார்

என் மச்சான் என் மனைவியை ஒன்றரை வருஷமாக ஊமைப்படம் பார்க்க வைத்திருக்கிறான். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

மச்சான் என்றால் என் மனைவியின் கூடப்பிறந்த தம்பி. சிதம்பரம் தெற்கு வீதியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். நான் கடலூரில் மோட்டார் காயில் கட்டுகிறவன். பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புக்காரர்களின் போர்வெல் மோட்டார்தான் எனக்குச் சோறு போடுகிறது. ஓடுகிற மோட்டாரின் மேல் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்தினால், எந்தப் பக்கத்து பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். சத்தம் எனக்குத் தெரியும். அதனால்தான் கோபம் ஜாஸ்தி.

போன வருஷம் சித்திரையில் என் மனைவிக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது வலது காதும் போயிருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, நரம்பு போய்விட்டது, அந்தக் காதில் மெஷின் வைத்தும் பிரயோஜனமில்லை என்றார். இடது காது கேட்கும். ஆனால் பேச்சோடு வேறு சத்தம் கலந்தால் இரண்டையும் பிரித்தெடுக்க முடியாது, குழம்பிவிடும் என்றார்.

எங்கள் வீட்டு டிவியில் பேச்சு எப்போதும் வேறு சத்தத்தோடு கலந்துதான் வருகிறது. மாமியார் வாயைத் திறந்தால் பின்னால் ஒரு மேளம். மருமகள் திரும்பிப் பார்த்தால் மூன்று மேளம்.

என் மனைவி சீரியலை வாயை மூடிக்கொண்டு பார்க்கிறவள் இல்லை. உள்ளே இருக்கிறவர்களோடு சண்டை போடுவாள். "ஏண்டி, அவ பால்ல என்னமோ கலக்கறாடி, குடிக்காத! சொன்னா கேக்க மாட்டியா? குடி, குடிச்சிட்டுச் சாவு!" பக்கத்து வீட்டு அம்மா, "எங்க டிவி ரிப்பேரானாலும் கவலையில்லை, உங்க வீட்டம்மா திட்டறத வெச்சே கதைய புடிச்சிக்குவேன்" என்பார். காய்ச்சலுக்குப் பிறகு அந்தத் திட்டு நின்றது. டிவி ஓடும். அவள் தலையை வலப்பக்கம் திருப்பி, இடது காதைத் திரைக்குக் காட்டி, கடைக்கண்ணால் முகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எப்போதாவது என்னைக் கேட்பாள்: "அவ என்ன சொன்னா?" நான் சொல்வதற்குள் அடுத்த ஆள் பேசிவிடுவான். கொஞ்ச நாளில் கேட்பதையும் விட்டுவிட்டாள். பக்கத்து வீட்டு அம்மா ஒருநாள், "சீரியல் பாக்கறத வுட்டுட்டாங்களா?" என்றார்.

டிவியைச் சுவரிலிருந்து கழற்றிப் பார்த்தேன். பழைய டப்பா டிவிக்கு வாய் முன்னால் இருந்தது. இந்தத் தட்டை டிவிக்கு ஸ்பீக்கர் அடிப்பக்கத்தில், அதுவும் பின்னால் பார்த்தபடி இருக்கிறது. சுவரோடு பேசுகிறது. சுவரில் பட்டுத் திரும்பி வருகிற எச்சில் சத்தம்தான் நமக்கு. இதை எவன் யோசித்துச் செய்தான் என்று எனக்கு இன்னும் ஆச்சரியம். கடையில் விசாரித்தபோது, முன்னால் வைக்கிற நீளமான ஸ்பீக்கர் ஒன்று இருக்கிறது, சவுண்ட்பார் என்று பெயர், வாங்குங்கள் என்றார்கள். வாங்கியிருக்க வேண்டும். மச்சானுக்கு போன் செய்தேன். அதுதான் நான் செய்த முதல் முட்டாள்தனம்.

"மாமா, இப்ப வாங்கிடாதீங்க. அப்பறம் தலைல அடிச்சிக்குவீங்க. அடுத்த மாடல்ல பேச்ச மட்டும் தனியா தூக்கிக் குடுக்கற பட்டன் வருது."

"எப்படா வருது?"

"மூணே மாசம்."

மூன்று மாசம் கழித்து இன்னொரு மூன்று மாசம். ஆடித் தள்ளுபடியில் பழைய சரக்கைத் தள்ளிவிடுவார்கள், ஏமாறாதீர்கள் என்றான். தீபாவளிக் கூட்டத்தில் அடித்துப்பிடித்து வாங்குகிற ஆட்களா நாம் என்றான். மார்கழியில் யாராவது வாங்குவார்களா என்று அவன் சொல்வதற்கு முன்னால் என் மனைவியே சொன்னாள். பொங்கலுக்கு ஆட்டோவில் சீர் வந்தது. அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து, புடவை. அவள் எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிட்டு, ஆட்டோவுக்குள் இன்னொரு தரம் எட்டிப் பார்த்தாள். என்ன தேடுகிறாள் என்று எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

இந்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மழையில் போர்வெல்லை யாரும் தொடமாட்டார்கள், எனக்கு வேலை இல்லை. சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல், அப்படி என்னதான் இருக்கிறது அந்தப் புது மாடலில், பார்த்துவிடுவோம் என்று லாரன்ஸ் ரோட்டில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். போகும்போது மெடிக்கலில் பஞ்சு வாங்கி வலது காதில் அடைத்துக்கொண்டேன். அவள் கேட்கிற மாதிரி கேட்டால்தானே தெரியும்.

டை கட்டின ஒரு ஆள் வந்து, நான் வாயைத் திறக்கும் முன் ஒரு குத்துப்பாட்டைப் போட்டார். தரை அதிர்ந்தது.

"எப்பிடி சார்? நெஞ்சுல வந்து அடிக்குதா?"

"அடிக்குது. நிறுத்துங்க. நியூஸ் போடுங்க."

"நியூஸா? நியூஸ் கேக்கவா சார் சவுண்ட்பார் வாங்கறாங்க?"

"இல்லன்னா சீரியல் போடுங்க. ரெண்டு பொம்பளைங்க சண்ட போடணும், பின்னால மியூசிக் வரணும்."

அவர் என் காதைப் பார்த்தார். "காதுல என்னா சார்?"

"பஞ்சு."

"காது வலியா?"

"இல்ல. நல்லாத்தான் இருக்கு."

அவர் பஞ்சைப் பார்த்துக்கொண்டே சீரியல் போட்டார். நான் மண்டிபோட்டு, இடது காதை, கட்டை மாதிரி நீண்டிருந்த அந்த சவுண்ட்பாரின் இடது ஓரத்தில் வைத்தேன். மேளம். வலது ஓரத்துக்கு நகர்ந்தேன். மேளம். நடுவில் வைத்தேன். மாமியார் என் காதுக்குள் பேசினாள். ஒரு வார்த்தை சிந்தாமல். கடையில் இருந்தவர்கள் நான் கும்பிடுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு அந்த நேரத்தில் வெட்கம் தெரியவில்லை. பேச்சுக்கென்று நடுவில் தனியாக ஒரு ஸ்பீக்கர் வைத்திருக்கிறான்! எந்தச் சத்தம் பேச்சு, எது மேளம் என்று அந்தக் கட்டைக்கு எப்படித் தெரிகிறது? டை கட்டினவருக்கும் தெரியவில்லை. "அதெல்லாம் உள்ளயே பிரிச்சிடும் சார்" என்றார். எனக்கு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கழற்றிப் பார்த்துவிடலாம் போல இருந்தது. சட்டைப் பையில்தான் இருந்தது. அதில் கை வைத்ததும், "சார், சார், டெமோ பீஸ் சார்!" என்று அலறினார்.

ரிமோட்டை வாங்கிப் பார்த்தேன். ஒரு மனுஷன் தலை படம் போட்டு ஒரு பட்டன். அழுத்தினால் மேளம் பின்னால் போய்ப் பேச்சு முன்னால் வந்தது.

"இது புதுசா வந்த மாடலா?"

"இல்ல சார், இது ரெண்டு வருஷமா ஓடுது. புதுசு அந்தாண்ட இருக்கு."

இரண்டு வருஷம். மச்சான் வரப்போகிறது என்று சொன்ன பட்டன், அவன் சொன்ன அன்றைக்கே கடையில் இருந்திருக்கிறது. புதுசையும் போடச் சொன்னேன். தூரத்தில் நின்று, பஞ்சோடு, மாற்றி மாற்றிக் கேட்டேன். அதில் கூரைப் பக்கம் பார்த்து இரண்டு ஸ்பீக்கர் கூடுதல். ஹெலிகாப்டர் தலைக்கு மேல் போகுமாம். நடுவில் இருக்கிற பேச்சு அதே பேச்சுதான். ஒரு காதுக்கு இரண்டும் ஒன்றுதான். ஹெலிகாப்டர் எந்தப் பக்கம் போனால் என் மனைவிக்கு என்ன?

வீட்டுக்கு வந்து, நாளைக்குப் பழைய மாடலையே வாங்கி வருகிறேன் என்றேன். அவள் அரிவாள்மணையை விட்டு எழுந்துவந்தாள்.

"வேணாங்க."

"ஏன்?"

"தம்பி சீரா குடுக்கறேன்னு சொல்லியிருக்கான். நல்லதா பாத்து எடுத்துட்டு வரேங்கா, மாமாகிட்ட சொல்லாதன்னான். இப்ப நீங்க வாங்கிட்டா, அவன் குடுப்பான்ற நம்பிக்க எனக்கே இல்லாத மாதிரி ஆயிடும்."

அப்போதுதான் ஆட்டோவை எட்டிப் பார்த்தது ஞாபகம் வந்தது. வெளியூர்க்காரர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். எங்களில் பிறந்த வீடு ஒன்றைத் தருகிறேன் என்று வாயால் சொல்லிவிட்டால், அந்தச் சாமானைப் புருஷன் முந்திக்கொண்டு வாங்கக்கூடாது. வாங்கினால் அவர்களைக் கையாலாகாதவர்கள் என்று சொன்னதாக அர்த்தம். என் கல்யாணத்தில் பீரோ நான்கு மாசம் தாமதமானது. நான்கு மாசமும் வேட்டி சட்டையைக் கயிற்றில் தொங்கவிட்டேன். அப்படி ஒரு வழக்கம்.

"ஒனக்கு ஒரு காது சுத்தமா போச்சுன்னு அவனுக்குத் தெரியுமா?"

"கொஞ்சம் மந்தம்னு சொல்லி வெச்சிருக்கேன். அம்மாவுக்குத் தெரிஞ்சா அழுவாங்க."

இதில் எனக்கும் பங்கு உண்டு. அவள் சொல்லாதே என்றாள், நான் சொல்லவில்லை. அவன் ஏதோ படம் பார்க்கிற ஆசைக்கு வாங்குவதாக நினைத்திருக்கிறான். அதற்காக அவனை விட்டுவிட முடியுமா?

ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் புறப்பட்டோம். பஸ்ஸில் வலது பக்கத்து சீட்டில் அவளை ஜன்னலோரம் உட்கார வைத்து, நான் இடது காதுப் பக்கம் உட்கார்ந்தேன். ஆலப்பாக்கம் தாண்டும்போது "அவன்கிட்ட கத்தாதீங்க" என்றாள். கத்தமாட்டேன் என்றேன்.

மச்சான் ஒரு தாளை எடுத்து வந்தான். ஜெராக்ஸ் கடைக்காரன் இல்லையா, அழகாகக் கட்டம் போட்டு பிரிண்ட் எடுத்திருந்தான். பதினோரு மாடல். எதில் எத்தனை ஸ்பீக்கர், எத்தனை வாட், எது எப்போது வரும் என்று எல்லாம் இருந்தது. அவன் உழைக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன்.

"இதுல எதையாவது கடைக்குப் போயி கேட்டியாடா?"

"ரிவ்யூ பாத்தேன் மாமா. ஒவ்வொண்ணுக்கும் நாலஞ்சு பாத்துட்டேன்."

"எதுல கேட்ட?"

"ஹெட்போன்லதான்."

"ரெண்டு காதுலயும் மாட்டிக்கிட்டு?"

"என்னா மாமா, ஹெட்போன ரெண்டு காதுலதான மாட்டுவாங்க!" என்று சிரித்தான்.

பையில் இருந்த பஞ்சை எடுத்து அவன் வலது காதில் அடைத்தேன். அவன் துள்ளினான். "ஐய, என்னா மாமா இது, கூசுது." அவன் வீட்டு டிவியில் அவள் பார்க்கிற அதே சீரியலைப் போட்டேன். எதிரே உட்கார வைத்தேன். முதலில் என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். மேளம் வந்தது. புருவத்தைச் சுருக்கினான். கொஞ்சம் முன்னால் நகர்ந்தான். பிறகு, யாரும் சொல்லித்தராமல், தலையை வலப்பக்கம் திருப்பி, இடது காதைத் திரைக்குக் காட்டி, கடைக்கண்ணால் பார்க்க ஆரம்பித்தான். அச்சு அசலாக அவள் உட்கார்கிற மாதிரி.

அப்படியே அவன் பார்வை பக்கத்தில் இருந்த அக்காவின் மேல் விழுந்தது. அவளும் அதேபோல்தான் உட்கார்ந்திருந்தாள்.

"எத்தினி நாளாக்கா?" என்றான்.

"அந்தக் காய்ச்சல்லேர்ந்துடா."

அவன் பஞ்சை எடுக்கவில்லை. சீரியல் முடிகிறவரை அப்படியே உட்கார்ந்திருந்தான். நான் கத்தவில்லை. கத்துவதற்கு எதுவும் மிச்சம் இல்லை என்று நினைத்தேன். பஸ்ஸில் திரும்பும்போது அவள், "இனிமே யார்கிட்ட வேணா சொல்லிக்குங்க. மறைச்சி என்ன ஆச்சு?" என்றாள்.

அடுத்த நாளே கடைக்குப் போவான் என்று எண்ணியிருந்தேன். அடுத்த நாள் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அவனிடமிருந்து நாலு நிமிஷ வாய்ஸ் மெசேஜ் வந்தது. அக்காவுக்கு ஒரு காது என்று தெரிந்த பிறகு கண்டதை வாங்கித் தரக்கூடாதாம். ஒற்றைக் காதுக்காரர்களுக்கு எது சரி என்று முதலிலிருந்து ஆராய வேண்டுமாம். தாளில் பதினோரு கட்டம் பத்தாதாம். தவிர, தை மாசம் ஒரு புது மாடல் வருகிறதாம், அதையும் ஒரு பார்வை பார்த்துவிடலாமாம். குரல் தழுதழுத்துத்தான் இருந்தது. பாசம் இல்லை என்று நான் சொல்லவே இல்லை. பாசம் கூடக்கூட அவன் தேதியும் தள்ளித் தள்ளிப் போகிறது.

என் மனைவி போனை இடது காதில் வைத்து மூன்று தரம் கேட்டாள். பின்னால் ஜெராக்ஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"என்ன சொல்றான்?"

மச்சான், இதை நீ படிப்பாய். லாரன்ஸ் ரோட்டுக் கடையில் அந்த மாடல் இன்றைக்கும் இருக்கிறது, நேற்றும் போய்ப் பார்த்தேன். எனக்குத் தனியாக போன் செய்து சமாதானம் சொல்லாதே. அதே குரூப்பில், சித்தி, பெரியம்மா, மாமா எல்லோரும் பார்க்கிற இடத்தில் பதில் சொல். இந்த வாரம் நீ வாங்கித் தருகிறாயா, இல்லை நான் வாங்கிக்கொள்ள விட்டுவிடுகிறாயா? இரண்டில் ஒன்று. வாய்ஸ் மெசேஜ் வேண்டாம். எழுது.