பதினேழு கேள்விகளில் இல்லாதது

நான் குஷாய்குடாவில் வசிக்கும் மென்பொருள் சோதனைப் பொறியாளர். என் பதின்மூன்று வயதுத் தங்கை மீராவுக்குத் தைராய்டில் புற்றுநோய் என்று தெரிந்ததும், அப்பா வேலை பார்க்கும் தொழிற்சாலை மருத்துவச் செலவுக்கு அனுமதித்திருந்த மூன்று மருத்துவமனைகளையும் அட்டவணை போட்டு ஒப்பிட்டேன். தூரம், அறை, கேன்டீன் என்று பதினேழு கேள்விகள். சுரப்பியில் பாதியை எடுப்பதா, முழுவதையுமா என்றும் கேட்டேன். கட்டி இருபுறமும் இருந்ததால் முழுவதும் எடுத்தார்கள்.

மறுநாள் மீராவின் விரல்கள் மரத்து, இழுத்துக்கொண்டன. தைராய்டை ஒட்டியிருந்து கால்சியத்தைக் காக்கும் சிறு சுரப்பிகள் அறுவையில் சேதமாகியிருந்தன. அப்போதுதான் மருத்துவரிடம் கேட்டேன்: "இதுவரைக்கும் எத்தனை குழந்தைகளுக்குப் பண்ணியிருக்கீங்க சார்?"

"பெரியவங்களுக்கு நிறைய. குழந்தைங்கன்னா இவ ரெண்டாவது."

புற்றுநோய் போய்விட்டது. இரண்டு வருடமாகியும் கால்சியம் மாத்திரை போகவில்லை. "எல்லாம் விசாரிச்சுத்தானே சேர்த்தேன்" என்று ஒருநாள் வாய்விட்டுச் சொன்னேன்.

"ஹவ் அக்கா, கேன்டீன் இட்லியைக்கூட விசாரிச்சே" என்று எங்கள் ஊர்ப் பாணியில் ஆமாம் போட்டாள் மீரா.

அனுபவசாலியின் கையிலும் இது நேரலாம். ஆனால் சேர்க்கும் முன் நான் கேட்கவே இல்லையே.

இப்போதும் குடியிருப்பில் யாராவது கேட்டால் அந்த அட்டவணையை அனுப்புகிறேன். மருத்துவரிடம் கேட்ட அந்தக் கேள்விதான் முதல் வரி. அதற்குப் பதில் எழுதும்வரை மற்ற பதினேழும் திறக்காதபடி பூட்டி வைத்திருக்கிறேன்.