கால் சுற்று

என் பழைய லாரியில் ஸ்டியரிங் ஷாஃப்ட் தேய்ந்துபோய், கால் சுற்று திருப்பிய பிறகுதான் சக்கரமே அசையும். உத்திரமேரூரில் அதை மாற்றிக் கொடுத்த மெக்கானிக் நரைத்த மீசைக்காரர். பேசும்போது எதிரே இருப்பவர் முகத்தைப் பார்க்கமாட்டார், கையைத்தான் பார்ப்பார். வேலை முடிந்ததும் என்னோடு வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

“நீங்க எதுக்குண்ணே?”

“வண்டி சரியாயிட்சி நைனா. உன் கை இன்னும் பழசாவே கீது.”

இருபது வருட டிரைவரான எனக்குச் சுருக்கென்றது. மானாம்பதி ரோட்டின் முதல் வளைவில், பழக்கதோஷத்தில் கால் சுற்று கூடுதலாகத் திருப்பிவிட்டேன். வண்டி எதிரே வந்த டூவீலர் மேல் பாயப் போனது. ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பிக் காப்பாற்றியது அவர் கை. அடுத்தடுத்த வளைவுகளில் என் கை அளவாகத் திருப்பப் பழகியது.

மானாம்பதியில் இறங்கி, திரும்பிப்போக டவுன் பஸ்ஸுக்கு நின்றார். அப்போதுதான் முதன்முதலாக என் முகத்தைப் பார்த்தார்.

“இப்ப போ.”