மாப்பிள்ளை நாற்காலி

மாப்பிள்ளை வரவில்லை என்ற செய்தி வந்தபோது நான் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் வேறொரு கல்யாணத்துக்குக் குலை தள்ளிய வாழைமரத்துக்கு விலை பேசிக்கொண்டிருந்தேன். கல்யாணப்பெண்ணே போன் செய்தாள்.

"அக்கா, அவிய வரலியாம். லீவு கேன்சல் ஆயிட்டாம்."

லோடுமேன்கள் கத்திக்கொண்டிருந்த இரைச்சலில் சரியாகத்தான் கேட்டேனா என்று எனக்குச் சந்தேகம். "அப்ப கல்யாணம்?" என்றேன்.

"அது நடக்கும்க்கா. மேடையை என்ன செய்யப் போறிய?"

தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் ரொம்ப காலமாகக் கல்யாண டெக்கரேஷன் செய்துகொண்டிருக்கிறேன். பெண் காணாமல் போன மேடையை ஆள் வருவதற்குள் பிரித்திருக்கிறேன். சாரல் காற்றில் சாய்ந்த பேக்டிராப்பைத் தோளில் தாங்கிக்கொண்டு நின்றிருக்கிறேன். மாப்பிள்ளை வராமலே கல்யாணம் நடக்கும் மேடை ஒன்றை அதுவரை கட்டியதில்லை. புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் பூ செருகுகிற ஃபோமில் எது நல்லது, ஆர்க்கிட் எத்தனை நாள் தாங்கும் என்றெல்லாம் கேட்கிறார்கள். அதெல்லாம் கடைக்காரனே சொல்லிவிடுவான். நான் இதைச் சொல்கிறேன்.

1. காய்ந்த கருவேப்பிலை நிறம்

பெண்ணின் பெயர் நஸ்ரின். செங்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். முதல் நாளே போன் நிறையப் படம் அனுப்பினாள். இப்போது எல்லோரும் இப்படித்தான். எந்த ஊரிலோ, எந்தக் குளிரிலோ எடுத்த படத்தைக் காட்டி, "இதே மாதிரி வேணும்" என்பார்கள். அந்தப் பூ இங்கே பஸ்ஸில் வந்து இறங்கும்போது பாதி உயிர் போயிருக்கும். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. இப்போதெல்லாம் "செஞ்சிருவோம்" என்று சொல்லிவிட்டுக் கிடைக்கிறதை வைத்து ஒப்பேற்றுகிறேன்.

நஸ்ரின் கேட்ட கலர்கள் டஸ்டி ரோஸ், ஐவரி, சேஜ் கிரீன். என்னிடம் வேலை பார்க்கும் பையன்கள் பாஷையில் சாம்பல் விழுந்த ரோஸ், பழைய வேட்டி, காய்ந்த கருவேப்பிலை. போட்டோவில் நன்றாக வரும், அதை மறுக்க முடியாது.

மாப்பிள்ளை ரியாஸ் துபாயில் இருந்தான். வீடியோ காலில் அவனைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவனைச் சுற்றி வாளி வாளியாகப் பூ. அவனுக்கு வேலையே பூக்கடையில்தான். பொக்கே கட்டுவான், கல்யாண மேடையும் கட்டுவான். எங்கே நான் எதையாவது சொல்லி ஏமாற்றிவிடுவேனோ என்பதுபோல், பைண்டிங் வயர் என்ன கேஜ் போடுகிறேன், ஃபோமை எவ்வளவு நேரம் ஊறவைக்கிறேன் என்று வரிசையாகக் கேட்டான். கேள்வி எல்லாம் முடிந்த பிறகு குரல் மாறியது.

"கலரு எப்பிடியும் இருக்கட்டும்க்கா. வாசம் இருக்கணும். இங்கன நாள் பூரா பூவுக்குள்ளதான் கெடக்கேன், ஒரு பூவுலயும் வாசம் கெடையாது. பிச்சி, மரிக்கொழுந்து, சம்பங்கி, இது போதும் எனக்கு."

நஸ்ரினும் அதே வீடியோ காலில் இருந்தாள். "வாசம் போட்டோவுல வருமா?" என்றாள்.

"போட்டோ எடுக்கதுக்கா கல்யாணம் முடிக்கோம்?"

சண்டை வரும் என்று நினைத்தேன். எத்தனையோ ஜோடி என் முன்னாலேயே கலருக்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போயிருக்கிறது. இவள் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "சரிக்கா, அவிய சொல்லுத மாதிரியே கட்டுங்க. என்னைக்கோ ஒருநாள் ஊருக்கு வாரவிய" என்றாள். வெள்ளையும் பச்சையும் என்று முடிவானது. எனக்கு உள்ளுக்குள் எரிச்சல்தான். பிச்சி மதியத்துக்குள் பழுத்துவிடும். விடியற்காலையில்தான் தொடுத்துக் கட்ட வேண்டும். இடுப்பு ஒடிகிற வேலை.

2. இரண்டு போன்

லீவு ரத்தான அன்று சாயங்காலம் ரியாஸ் கூப்பிட்டான். கூட வேலை பார்த்தவன் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டானாம். அந்த வாரம் கடைக்குப் பெரிய ஆர்டராம். முதலாளி பாஸ்போர்ட்டைக் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார்.

"என்ன ஆர்டர்?" என்று கேட்டேன்.

"கல்யாணம்தான்க்கா. எங்கல்யாணத்தன்னைக்கி வேற ஒருத்தன் கல்யாணத்துக்கு மேடை கட்டுதேன்."

என் தம்பி கல்யாணத்தன்று நான் இலஞ்சியில் ஒரு மேடையில் கேந்திப்பூ சுற்றிக்கொண்டிருந்தேன். இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு அது புரியும், மற்றவனுக்குப் புரியாது.

"அக்கா, அவ கேட்ட கலரையே போட்டுருங்க. நான் போன்லதான பாக்கப் போறேன், போன்ல வாசமா வரும்?" என்றான்.

இரண்டு குடும்பமும் சொந்தபந்தம் எல்லோரையும் கூப்பிட்டாயிற்று. தேதியைத் தள்ளினால் அவனுக்கு அடுத்த லீவு எப்போது என்று யாருக்கும் தெரியாது. அவன் அண்ணனை வக்கீலாக வைத்து நிக்காஹ் நடத்தலாம் என்று ஜமாஅத்தில் சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளை சார்பில் அண்ணன் சம்மதம் சொல்வான். பெண்கள் பக்கத்தில், மேடையில், மாமியார் கருகமணித் தாலி கட்டுவார். சடங்கு எதற்கும் குறை இல்லை.

ரியாஸ் சொன்னதை நஸ்ரினிடம் சொன்னேன். உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷம்தான். விடியற்காலைப் பிச்சி வேலை மிச்சம்.

"வேண்டாம்க்கா. அவிய கேட்டதையே கட்டுங்க" என்றாள்.

"அவரே வேண்டாம்னு சொல்லுதாரு."

"மாமி வருவாவல்லா. எப்பிடி மணந்துச்சின்னு அவியட்ட போன்ல சொல்லுவாவ."

சரி என்று போனை வைக்கப்போனேன். அவள் விடவில்லை.

"எனக்குக் கலரப் பத்தி ஒண்ணும் இல்லக்கா. அந்தச் சேருதான். பக்கத்துல ஒரு சேரு காலியா கெடந்தா வாரவிய எல்லாம் என்னயவா பாப்பாவ, அதத்தான் பாப்பாவ. ஒத்தச் சேரு போட்டா, மாப்பிள்ள வரலன்னு போர்டு எழுதி வச்ச மாதிரி. நான் எப்பிடி அங்கன போயி உக்காருவேன்?"

அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "பாக்குதேன்ம்மா" என்றேன். கையில் வழி எதுவும் இல்லாதபோது எங்கள் தொழிலில் சொல்கிற வார்த்தை அது.

3. மாலை

கல்யாணத்தன்று விடியும் முன்பே குற்றாலம் ரோட்டில் இருந்த அந்த மண்டபத்துக்குப் போய்விட்டோம். சங்கரன்கோவில் பிச்சி ஈரத்துணியோடு வந்து இறங்கியது. கூடம் முழுக்க மரிக்கொழுந்து வாசம். பல வருஷமாகப் பூவுக்குள் புழங்கி எனக்கு மூக்கு மரத்துப் போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன். அன்றைக்கு எனக்கே தெரிந்தது.

நாற்காலிக்கு மட்டும் வழி தெரியவில்லை. நஸ்ரினின் தாய்மாமா, "ஜோடி சேரு வாடகைக்குச் சொல்லியாச்சு, ரெண்டும் கெடக்கட்டும்" என்று சிம்மாசனம் மாதிரி இரண்டைக் கொண்டுவந்து போட்டார். ஓடியாடி எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்கிற மனுஷன். அவரிடம் வாதாட எனக்குத் தெம்பில்லை. வாசல் வளைவு பாக்கி இருந்தது, அங்கே போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது பெண்கள் பக்கத்தில் சத்தமே இல்லை. கல்யாண வீட்டில் பெண்கள் சத்தம் நின்றால் ஏதோ விபரீதம் என்று அர்த்தம்.

மாமா ஒரு யோசனை செய்திருக்கிறார். காலி நாற்காலி கண்ணை உறுத்தக்கூடாதே என்று ரியாஸின் போட்டோவைப் பெரிதாகப் பிரேம் போட்டு வாங்கிவந்து அதில் சாய்த்து வைத்திருக்கிறார். சுற்றி சீரியல் லைட். அதுவும் மொட்டையாக இருக்கிறதே என்று, நான் மிச்சம் வைத்திருந்த பிச்சிச் சரத்தை எடுத்துப் படத்துக்கு மாலையாகப் போட்டுவிட்டார். அவர்கள் வீடுகளில் படத்துக்கு மாலை போடுகிற வழக்கமே கிடையாது. ஆனால் மாலை போட்ட படம் என்றால் என்னவென்று இந்த ஊரில் யாருக்குத்தான் தெரியாது?

ரியாஸின் உம்மா கருகமணிப் பெட்டியைக் கையில் பிடித்தபடி மேடைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார்.

"எம்புள்ளைக்கு யாரு மாலை போட்டது?" என்று கேட்டார். சத்தம் போட்டுக் கேட்கவில்லை.

மாமா முகத்தில் ரத்தமில்லை. "இல்லம்மா, அழகுக்கு..." என்றார்.

நான் மேடையில் ஏறினேன். மாலையை எடுத்தேன், படத்தை எடுத்தேன், நாற்காலியையும் எடுத்தேன். ஒன்றை எடுத்ததும் மற்றது நின்ற கோலம் அதைவிடக் கொடுமையாக இருந்தது. அதையும் தூக்கச் சொன்னேன்.

"சேரெல்லாம் எங்கன கொண்டு போறிய? பொண்ணு கெளம்பிட்டா" என்று பின்னாலேயே மாமா ஓடிவந்தார்.

"பந்திக் கூடத்துல ஒரு பெஞ்சு கெடக்குல்லா, அத எடுத்துட்டு வாங்க அண்ணாச்சி" என்றேன்.

சாப்பிடுகிறவர்கள் உட்காருகிற நீளப் பெஞ்சுதான். ஒரு காலில் சாம்பார்க் கறைகூட இருந்தது. மேலே ஜமுக்காளம், அதற்கு மேல் வெள்ளைத் துணி. முன்பக்கம் சம்பங்கிச் சரத்தைத் தரைவரை இறக்கிவிட்டோம். நாற்காலி என்றால் ஒருவருக்கு ஒன்று. பெஞ்சில் யார் இல்லை என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

நஸ்ரின் உள்ளே வந்து மேடையைப் பார்த்து நின்றாள். அவள் என்ன தேடுகிறாள் என்று எனக்குத் தெரியும். ரியாஸின் உம்மாதான் முதலில் போய் பெஞ்சின் நடுவில் உட்கார்ந்தார். பக்கத்தில் தட்டிக் காட்டி, "ஏட்டி, வா. இங்கன இரி" என்றார். நஸ்ரின் போய் ஒட்டி உட்கார்ந்தாள். அவள் உம்மா இந்தப் பக்கம், நாத்தனார் அந்தப் பக்கம், அப்புறம் யார் யாரோ. ஒரு கை வைக்க இடமில்லாமல் பெஞ்சு நிறைந்தது. ஆண்கள் பக்கத்தில் நிக்காஹ் முடிந்ததும், அந்த நெரிசலுக்குள்ளேயே மாமியார் கருகமணி கட்டினார்.

அதற்குப் பிறகு வீடியோ காலில் ரியாஸைக் கூப்பிட்டார்கள். கடை ஏப்ரனோடு நின்றான், பின்னால் யாருடைய மேடையோ பாதி கட்டியபடி. உம்மா போனைப் பூவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், "பாருலே, என்னா மணம் மணக்கு தெரியுமா" என்றார். அவன் முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தான். பிறகு, "அது பெஞ்சாம்மா?" என்றான்.

அவ்வளவு பூவை விட்டுவிட்டு அதைக் கண்டுபிடித்தான் பாருங்கள். நஸ்ரின் அப்போதுதான் சிரித்தாள்.

4. சின்ன ஆர்டர்

சாரல் நன்றாகப் பிடித்த பிறகு ஒருநாள் நஸ்ரின் கூப்பிட்டாள். "அவிய வாராவக்கா. திருவனந்தபுரத்துல எறங்கி வண்டியில வாராவ. மேடையெல்லாம் வேண்டாம். அந்தப் பெஞ்சு மட்டும் கெடைக்குமா?"

சீசன் கூட்டத்தில் குற்றாலம் ரோடு நகரவில்லை. முழங்கால் வலி வேறு. வேறு யாராக இருந்தாலும் முடியாது என்றிருப்பேன். மண்டபத்துக்காரரிடம் கேட்டுப் பெஞ்சை வண்டியில் ஏற்றி, பிச்சியும் மரிக்கொழுந்தும் வாங்கிக்கொண்டு போனேன். ரியாஸ் வீட்டு ஹாலில் போட்டு, அதே மாதிரி கட்டினேன்.

அவன் நனைந்த பெட்டியோடு உள்ளே வந்தான். பெஞ்சின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டான். நஸ்ரினுக்குக் கூச்சம். இருவரும் நேரில் பக்கத்தில் உட்கார்ந்ததே இல்லையே. அவள் போய் அடுத்த ஓரத்தில் உட்கார்ந்தாள். அன்றைக்கு நெருக்கியடித்துக்கொண்டு இருந்த பெஞ்சு, நடுவில் அவ்வளவு காலியாகக் கிடந்தது.

உம்மா சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஏலே, நடுவுல யாருக்குலே எடம் போட்டு வச்சிருக்க?"

அவன் நகர்ந்து உட்கார்ந்தான். அவளும் நகர்ந்தாள். பிறகு என்னைப் பார்த்து, "மரிக்கொழுந்து ஒரு பிடி கூடிப்போச்சுக்கா" என்றான். தொழில்காரனுக்கு வாய் சும்மா இருக்குமா. கண் கலங்கித்தான் இருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு தரையில் கிடந்த காம்புகளைப் பொறுக்கினேன். லீவு முடிந்து அவன் திரும்பப் போய்விட்டான். அங்கே யார் யாருக்கோ மேடை கட்டிக்கொண்டிருக்கிறான், நான் இங்கே கட்டுகிறேன்.

இப்போது யார் ஆர்டர் கொடுக்க வந்தாலும், கலர் என்ன என்று கேட்பதற்கு முன்னால், "மேடையில இருக்க வேண்டியவியள்ல யாராவது வர முடியாமப் போவுமா?" என்று கேட்டுவிடுகிறேன். நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் என்ன பேச்சு என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். பலர் படம் காட்டிக்கொண்டிருந்த போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒரு பெயரைச் சொல்கிறார்கள். சண்டை போட்டுப் போன அண்ணன் பெயர், கப்பலில் இருக்கிற அப்பா பெயர், போன வருஷம் இறந்த அம்மா பெயர். அந்த மண்டபத்துக்காரரிடம் கெஞ்சி அந்தப் பெஞ்சை நானே வாங்கிவிட்டேன். சாம்பார்க் கறை இன்னும் போகவில்லை. பெயர் சொல்கிறவர்கள் கல்யாணத்துக்கு வண்டியில் முதலில் அதைத்தான் ஏற்றுகிறோம்.