அண்ணன் கட்டாத கயிறு

எங்கள் வீட்டு முன்கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் கயிறு ஒன்று தொங்குகிறது. காற்றில் கதவு அசையும்போதெல்லாம் அதன் நுனியிலுள்ள இரும்புக் கொக்கி பலகையில் ‘டொக்’ என்று தட்டும். யாரோ வந்துவிட்டார்கள் என்று என் மகள் ஓடிப்போய்த் திறப்பாள். “மாமாவாம்மா?” என்பாள். மாமா இல்லை, மாமாவின் கயிறு என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. இடுப்பு வாரில் ஒரு பக்கம் மாட்டி, மரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து மறுபக்கம் மாட்டிக்கொண்டால், மரத்தின் மேலே பின்னால் சாய்ந்து நின்று இரண்டு கையாலும் வேலை செய்யலாம். அதற்கென்றே செய்த கயிறு அது. குன்னூரில் எங்கள் வீட்டில் மரம் ஏறுகிறவர் யாரும் கிடையாது. என் கணவர் நாற்காலியில் ஏறி பல்பு மாட்டவே என்னைக் காலைப் பிடித்துக்கொள்ளச் சொல்வார்.

தேயிலை விலை விழுந்து எழாமல் கிடந்த காலத்தில்தான் நான் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனேன். மஞ்சூர்ப் பக்கத்து எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், கடைசி வீடு. அண்ணனுக்கு ஃபேக்டரியில் இலை வாட்டும் இடத்தில் வேலை. வாரத்தில் பாதி நாள் ஃபேக்டரியில் சங்கு ஊதாது. ஊதாத காலைகளில் அம்மா அடுப்படியை விட்டு வெளியே வராமல் பாத்திரங்களை மட்டும் சத்தமாகக் கழுவுவாள். தேயிலையை வாங்க ஆளில்லாதபோது எஸ்டேட் நிழல் மரங்களை விற்றது. சில்வர் ஓக் மரங்களுக்கு பிளைவுட் கம்பெனிகள் லாரி அனுப்பின. நின்ற மேனிக்கு மரத்தைச் சாய்த்தால் கிளை பட்டுத் தேயிலைச் செடிகள் நசுங்கும். ஆகவே யாராவது உச்சிவரை ஏறிக் கிளைகளைக் கழித்துவிட்டு இறங்க வேண்டும். அண்ணன் அந்த வேலைக்குப் போனான். மாடு கட்டும் நைலான் கயிற்றைத் தன் இடுப்பையும் மரத்தையும் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டு, அந்த முடிச்சுக்கு ஒரு சாண் தள்ளி வெட்டுக்கத்தியை வீசுவான்.

எனக்குப் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்தது கூட அதனால்தான் என்று நான் நம்பினேன். குழந்தை தும்மினால் பயம், தூங்கினால் மூச்சு வருகிறதா என்று பயம். அதற்கு நடுவே கத்தியின் ‘ணங், ணங்’ சத்தம் மலைச்சரிவில் கேட்கும். சத்தம் நின்றால் நான் வாசலுக்கு வந்துவிடுவேன். “பீடி பத்த வெக்கக் கூட வுட மாட்டியா பாப்பா? சத்தம் நின்னா நான் செத்துட்டேன்னு அர்த்தமா?” என்று சாயங்காலம் கேலி செய்வான். படித்தவள் நான், பட்டம் வாங்கியவள். கவலைப்பட்டுக்கொண்டு சும்மா இருப்பது எனக்கு வெட்கமாக இருந்தது. நல்ல கயிறு வாங்கித் தருவேன் என்று முடிவு செய்தேன்.

ஒரு நாள் மரத்தடிக்குப் போய், தொட்டில் சேலையால் அடிமரத்தைச் சுற்றி அளவெடுத்தேன். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். “பாப்பா, நான் வேர்லயா நிக்கப் போறேன்?” அவன் சொன்னபிறகுதான் எனக்கு உறைத்தது. கீழே கட்டிப்பிடிக்க முடியாத மரம் மேலே போகப்போக ஒடுங்கிவிடும். ஒரே அளவுக் கயிறு, போகப்போகத் தொளதொளத்துவிடும். கயிறு நீளவும் வேண்டும், குறுகவும் வேண்டும், குறுக்கிய இடத்தில் நிற்கவும் வேண்டும்.

குழந்தைக்குத் தடுப்பூசி போடக் குன்னூர் போன அன்று கயிறும் வாரும் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “ஏனுங்க அம்மணி, கைக்குழந்தைய வெச்சுக்கிட்டு நீங்களா மரம் ஏறப் போறீங்க?” என்றார். ஆனாலும் பொறுமையாக எடுத்துப் போட்டார். கரண்ட் கம்பம் ஏறுகிறவர்களுக்கான பட்டை வார் ஒன்று. அதில் பெல்ட் போல நாலைந்து துளைகள்தான். கம்பத்துக்குச் சரி, மரத்துக்கு ஆகாது. அடுத்தது மெத்தென்ற கயிறு. இலேசாக இருந்தது, ஆனால் கத்தி தவறிப் பட்டால் அறுந்துவிடும். மூன்றாவதில் கயிற்றுக்குள்ளே இரும்புக் கம்பிப் புரி ஓடியது. நடுவில் ஒரு சின்ன இரும்புக் கவ்வி. இழுத்தால் கயிறு குறுகும், விட்டால் கவ்வியின் பல் கடித்துப் பிடித்துக்கொள்ளும். கனமாக இருக்கிறதே, அண்ணன் திட்டுவானே என்று யோசித்தேன். இரண்டாவதையே வாங்கலாமா என்று கடை வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன். பிள்ளை வீறிட்டு அழ, மூன்றாவதையே, அதை மாட்ட ஓர் இடுப்பு வாரோடு வாங்கினேன். அண்ணன் முதல் நாள் முனகினான், “நாய்ச் சங்கிலியாட்டம் இருக்கு.” ஆனால் ஒரு வாரத்தில் அதைக் கட்டாமல் ஏறுவதில்லை என்று ஆகிவிட்டது. சத்தம் நின்றாலும் நான் வாசலுக்கு வராத நாட்கள் அவை.

பிறகு ஆயுத பூஜை வந்தது. லயத்தில் அன்று எல்லா வீடுகளிலும் கருவிகளுக்குக் குளியல். கவாத்துக் கத்தி, மண்வெட்டி, கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கு எல்லாவற்றையும் கழுவி, இரும்புக்கு எண்ணெய் பூசி, சந்தனமும் குங்குமமும் வைத்துச் சாமி முன்னால் பரப்புவார்கள். அன்று யாரும் எந்தக் கருவியையும் தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமியன்றுதான் எடுக்க வேண்டும். மறுநாள் காலை அண்ணன் கத்தியையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு மரம் ஏறப் போனான். நான் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வெந்நீர் விளாவியபடி சந்தோஷமாகச் சொன்னாள், “பெரியவன் கயிறு கரகரன்னு கெடந்துச்சு புள்ள. நல்லெண்ணெய தொட்டு நல்லா உருவி விட்டேன். அந்த இரும்புக்குள்ளயும் சந்தனத்த அப்பி விட்டேன். இப்ப பாரு, வழவழன்னு ஓடுது.”

ஈரக் குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஓடினேன். அம்மா பின்னால் கத்தியது காதில் விழுந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் உச்சிக்குப் பக்கத்தில் இருந்தான். கூப்பிட வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டேன். சத்தம் போட்டு, அவன் திரும்பிப் பார்த்து, அதனாலேயே ஏதாவது ஆகிவிட்டால்? அந்த யோசனையில் நின்றேன். அவன் கத்தியை எடுக்கப் பின்னால் சாய்ந்தான். கயிறு சரசரவென்று நழுவியது. அவன் பின்பக்கமாகப் போவதையும், கத்தி சுழன்றபடி தேயிலைக்குள் விழுவதையும் பார்த்தேன். எப்படியோ இரண்டு கால்களாலும் மரத்தைக் கவ்வி, நெஞ்சு தேயத் தேயச் சறுக்கிக்கொண்டு வந்து ஒரு கிளைக்கவட்டில் நின்றான்.

இறங்கியவனின் சட்டை முன்பக்கம் கிழிந்து சிவந்திருந்தது. கூட்டத்தில் ஒருவர், “சீமைக் கயிறு சீமைத்தொரைக்குத்தான் ஒழைக்கும் போலிருக்கு” என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள், நடுங்கிப்போனவர்கள் சிரிக்கிற சிரிப்பு. அண்ணன் கயிற்றைக் கழற்றி என் காலடியில் போட்டான். “இந்தா பாப்பா. தொட்டிலுக்கு ஆவும், கொண்டு போ.” வீட்டில் அம்மா அவன் நெஞ்சுக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே அழுதாள். “பொட்டு வெச்சுக் கும்புட்டேனே, அப்பயும் கைவுட்டுருச்சே. ராசியில்லாத கயிறு.” உன் கையால்தான் அம்மா இது நடந்தது என்று அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே எப்படிச் சொல்வது? அண்ணனிடம் தனியாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். அவன் பேச்சை எடுக்கவே விடவில்லை. மறுவாரம் பழைய நைலான் கயிற்றோடு போனான். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. சரியானதைத் தேடி வாங்கி, அது சரியாக வேலை செய்வதையும் பார்த்தபிறகு, பொய்யான ஒரு காரணத்துக்காக அது ஒதுக்கப்படுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது பெரிய கொடுமை.

குன்னூருக்குத் திரும்பியதும் கயிற்றைக் கடைக்காரரிடம் காட்டினேன். வெந்நீரில் சோப்புப் போட்டுக் கழுவி நிழலில் உலர்த்தச் சொன்னார். கவ்வியின் இடுக்கில் காய்ந்திருந்த சந்தனத்தைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் கிளறி எடுத்தேன். பிறகு இழுத்தும் தொங்கியும் பார்த்த அவர், “தங்கமாட்டம் இருக்குதுங்க” என்றார். அன்றிலிருந்து அது கதவுக்குப் பின்னால்தான் தொங்குகிறது.

சென்ற மாதம் அண்ணன் வந்திருந்தான். தேயிலை விலை இன்னும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. இன்னும் மரம்தான் ஏறுகிறான். என் மகளுக்குத் தின்ன வர்க்கி வாங்கி வந்தவன், கதவைச் சாத்தும்போது கொக்கி தட்டிய சத்தம் கேட்டுத் திரும்பினான். கயிற்றை எடுத்துக் கவ்வியை இழுத்து விட்டான். அது கடித்து நின்றது. விரலால் கயிற்றைத் தடவி முகர்ந்து பார்த்தான்.

“எண்ணெ எல்லாம் போயிருச்சே” என்றான்.

“உனக்குத் தெரியுமாண்ணா?”

“நழுவுனப்ப கையெல்லாம் நல்லெண்ண வாசம் பாப்பா. தெரியாமயா?”

“அப்புறம் ஏண்ணா கயித்து மேல பழியப் போட்ட? இப்பத்தான் நல்லா இருக்கே, எடுத்துட்டுப் போ. உன் கால்ல வேணா விழறேன்.”

“இதக் கட்டுனா அம்மா சும்மா இருக்குமா? ராசியில்லாதது எப்படிடா ராசியாச்சுன்னு கேக்கும். துருவித் துருவிக் கேக்கும். என்னத்தச் சொல்ல?” என்று சொல்லி, கயிற்றை ஆணியில் மாட்டினான். “அம்மா கையாலதான் நான் இன்னும் சோறு திங்கறேன்.”

அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்று நானும் நினைத்தேன்தான். அதனால் அவனோடு சண்டை போடக்கூட எனக்கு நியாயம் இல்லை. இருந்தும் கோபம் அடங்கவில்லை. மரத்தின் மேல் நிற்பவன் அவன், மரத்தடியில் நிற்பவள் நான்.

இன்று காலை முதல் மஞ்சூர்ப் பக்கம் காற்று என்கிறார்கள். இங்கேயும் கதவு நிற்காமல் ஆடுகிறது. கொக்கி தட்டுகிறது. மகள் ஓடிப்போய்த் திறந்து பார்த்துவிட்டு, “யாரும் இல்லம்மா” என்று வந்து உட்கார்ந்தாள். ஒரு துணியைச் சுருட்டி கொக்கிக்கும் பலகைக்கும் நடுவே திணித்தேன். சத்தம் நின்றது. நின்றதும் என் கால்கள் தாமாகவே வாசலுக்கு வந்துவிட்டன.